பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடிக்கப்போகிறேன், சென்னையில் என்ன வேலைக்குப் போகலாம்?

வியாசை மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம், மூன்றாம் ஆண்டு. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பி.காம். கிடைக்காததால் இதில் சேர்ந்தேன், ஆனால் இப்போது பாடம் பிடித்துவிட்டது. அரியர் இல்லை, 68 சதவீதம் வரும். படித்தால் புரியும், எழுதினால் பிழை அதிகம் வராது. பேசத்தான் தடுமாற்றம். அதுவும் கான்வென்ட் ஆங்கிலத்தில் யாராவது எதிரே நின்றால் வாயே திறக்காது.

வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். மாடி வீட்டு அக்கா கால் சென்டருக்குக் கூப்பிடுகிறார். சீனியர்களைக் கேட்டால் பாதிப் பேர் துணிக்கடை, மீதிப் பேர் டிஎன்பிஎஸ்சி கோச்சிங். அப்பாவுக்குத் துறைமுகத்தில் லோடு வேலை, தம்பி பாலிடெக்னிக். அதனால் நான் படித்துக்கொண்டே இருக்க முடியாது, சீக்கிரம் சம்பளம் வந்தாக வேண்டும். இந்தப் பட்டத்தை வைத்து இந்த ஊரில் உண்மையிலேயே என்ன வேலைக்குப் போகலாம்? "நீ நினைத்தால் எதுவும் முடியும்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், அதைக் கல்லூரி ஆண்டு விழாவில் கேட்டாகிவிட்டது.

---

அம்பத்தூர் ஆறுமுகம்:

பி.எட். போடும்மா. பெண் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் பாதுகாப்பு. மற்றதெல்லாம் சும்மா.

---

சாக்பீஸ் டீச்சர்:

ஆறுமுகம் சார், சொல்வது சுலபம். நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர், அதனால் உள்ளே இருந்து சொல்கிறேன்.

பி.எட். 2015-இலிருந்து இரண்டு வருடப் படிப்பு. அதை முடித்துவிட்டு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். மல்லி, இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் படித்தவர்களும் அந்தத் தாளில் கணக்கு-அறிவியல் அல்லது சமூக அறிவியல் பகுதியை எழுதியாக வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் சமூக அறிவியல்தான் எடுப்பார்கள். 150 மதிப்பெண்ணில் 60 அதற்கே போய்விடும், ஆங்கிலத்துக்கு 30தான். ஷெல்லி, கீட்ஸ் எல்லாம் படித்துவிட்டுப் பருவக்காற்றையும் பல்லவர் வரலாற்றையும் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

டெட் பாஸ் ஆனால் வேலை கைக்கு வந்துவிடும் என்றும் நினைக்காதே. 2018-இல் வந்த அரசாணை 149-படி டெட் என்பது தகுதி மட்டும்தான், பணி நியமனத்துக்குத் தனியாக இன்னொரு போட்டித் தேர்வு. அந்த அறிவிப்பு எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பிக்கும்தான் வெளிச்சம். அதுவரை தனியார் பள்ளியில் நிற்க வேண்டும், சின்ன மெட்ரிக் பள்ளிகளில் தரும் சம்பளத்தை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும். ஒரே ஆறுதல், டெட் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். முன்பு ஏழு வருடம்தான்.

பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்கும் என்றால் வா. பாதுகாப்பு என்று மட்டும் நினைத்து வராதே. முதலில் வேலைக்குப் போய்க் கொஞ்சம் பணம் சேர்த்துவிட்டு அப்புறம்கூட பி.எட். சேரலாம்.

---

நைட்ஷிஃப்ட் நந்தா:

மாடி வீட்டு அக்கா சொல்வதில் தப்பில்லை தங்கச்சி. முதல் சம்பளம் சீக்கிரம் வருவது இங்கேதான். ஆனால் போனில் பேசும் வாய்ஸ் ப்ராசஸ் வேண்டாம், அமெரிக்க கிளையன்ட் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும், கேப் ஏறி வீட்டுக்கு வரும்போது பால்காரர் எதிரே வருவார். நேர்முகத்தில் "நான்-வாய்ஸ், சாட் அல்லது இமெயில் ப்ராசஸ் இருக்கிறதா" என்று கேள். எழுதுகிற ஆங்கிலம் சுத்தமாக இருந்தால் அதற்கு எடுப்பார்கள். ஓராண்டு இருந்து பேச்சுப் பயத்தைப் போக்கிக்கொண்டு கிளம்பிவிடு. அதற்கு மேல் இருந்தால் சம்பளம் ஏறாது, எடைதான் ஏறும்.

---

சிவப்பு பேனா:

மல்லி, வருடாவருடம் ஆங்கிலப் பட்டதாரிகளை எடுக்கிற ஒரு தொழில் இந்த ஊரில் இருக்கிறது. ஏனோ கல்லூரிகளில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எல்சிவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மாதிரி பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்களும் பாடநூல்களும் வெளிவரும் முன் நடக்கிற காப்பி எடிட்டிங் (மொழித் திருத்தம்), டைப்செட்டிங் (பக்க வடிவமைப்பு), ப்ரூஃப் (அச்சுப்படித் திருத்தம்) வேலைகளில் கணிசமான பகுதி சென்னையிலும் பாண்டியிலும் நடக்கிறது. இன்று எம்பிஎஸ் என்று இருக்கும் நிறுவனம் 1970-இல் மேக்மில்லன் தன் சொந்த வேலைக்காகத் தொடங்கியது. டிஎன்கியூ, நியூஜென், பாண்டியில் இன்டெக்ரா என்று இன்னும் பல உண்டு. நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 2009-இல்.

என்ன வேலை என்று கேட்பாய். காலையில் உட்கார்ந்தால் ஒரு கட்டுரை வேர்டு கோப்பாகக் காத்திருக்கும், ஜப்பானிலோ பிரேசிலிலோ ஒரு மருத்துவர் எழுதியது. நமக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. சுருக்கத்தில் 48 நோயாளிகள் என்கிறார், இரண்டாம் அட்டவணையைக் கூட்டினால் 46தான் வருகிறது. நாமாக மாற்றக் கூடாது. ஓரத்தில் கட்டுரை ஆசிரியருக்கு ஒரு கேள்வி போட வேண்டும், அதை ஏக்யூ என்போம். பணிவாக, ஒரே வரியில், அவர் படித்த உடனே எதைக் கேட்கிறோம் என்று தெரிகிற மாதிரி எழுத வேண்டும். மேற்கோள் பட்டியலில் 31-ஆவதாக ஒரு கட்டுரை இருக்கிறது, உள்ளே எங்கேயும் 31 என்ற எண்ணே வரவில்லை. அதற்கு இன்னொரு ஏக்யூ. பிறகு எழுவாய்-பயனிலை, ஆர்ட்டிகிள் (a, an, the), காற்புள்ளி. மேற்கோள் காட்டும் முறையும் மாறும்: ஓர் இதழுக்கு ஏபிஏ ஸ்டைல், இன்னொன்றுக்கு வான்கூவர், மானுடவியல் புத்தகம் என்றால் சிகாகோ. கைக்கு ஒன்று பழகுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

வேலைக்கு எடுக்கும்போது ஓர் எடிட்டிங் டெஸ்ட் வைப்பார்கள். அதுதான் முக்கியம். நேர்முகத்தில் நான் பேசிய ஆங்கிலத்தை இன்று கேட்டால் எனக்கே சிரிப்பு வரும், டெஸ்ட் பேப்பரைப் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

இனிப்பு மட்டும் சொல்லக் கூடாது இல்லையா? தொடக்கச் சம்பளம் குறைவு, ஐடி தோழிகளிடம் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று டார்கெட் உண்டு. கழுத்து வலி எல்லோருக்கும் உண்டு. மூன்று நான்கு வருடம் தாண்டினால் ப்ராஜெக்ட் மேனேஜர், புரொடக்‌ஷன் எடிட்டர் என்று போகலாம், இல்லையென்றால் வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ். என்னோடு சேர்ந்த சிலர் உயிரியல் துறை எடிட்டர்களுக்கான பெல்ஸ் தேர்வு எழுதி வெளிநாட்டு ஆசிரியர்களிடம் நேரடியாக வேலை வாங்குகிறார்கள்.

---

கொரட்டூர் கோபி:

அக்கா, எந்த உலகத்தில் இருக்கிறீர்கள்? சாட்ஜிபிடி வந்த பிறகு யார் ப்ரூஃப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள்? கன்டென்ட் ரைட்டராக இருந்த என் நண்பனைப் போன வருடம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பொண்ணுக்கு ஆசை காட்டாதீர்கள்.

---

சிவப்பு பேனா:

கோபி, கன்டென்ட் ரைட்டிங் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். "சென்னையில் சிறந்த 10 பல் மருத்துவமனைகள்" வகை எழுத்துக்கு இனி ஆள் வேண்டாம், அது போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. எங்கள் பக்கமும் அடி உண்டு. முன்பு புதியவர்களுக்குக் கொடுத்த எளிய திருத்தங்களை இப்போது மென்பொருளே முதல் சுற்றில் பார்த்துவிடுகிறது, அதனால் புதியவர்களை எடுப்பது குறைந்திருக்கிறது. ஆனால் அதே மென்பொருள் மருந்தின் அளவில் புள்ளியை நகர்த்தியதையும், இல்லாத மேற்கோளைச் சேர்த்ததையும் கண்டுபிடிப்பது நாங்கள்தான். தப்பு நடந்தால் பதிப்பகம் மென்பொருளைக் கூப்பிட்டுத் திட்ட முடியாது.

---

தம்பு செட்டித் தெரு:

சிவில் பக்கம் பிராக்டிஸ் செய்யும் வக்கீல் நான். எல்லோரும் ஆங்கிலத்தை மட்டுமே பார்க்கிறீர்கள். இந்தப் பிள்ளை பன்னிரண்டு வருடம் தமிழில் படித்திருக்கிறது, அதை ஏன் குறையாகவே பேசுகிறோம்?

தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடத்தலாம். சாட்சியம் தமிழில், பல ஊர்களில் தீர்ப்பும் தமிழில். உயர் நீதிமன்றத்திலோ அரசியலமைப்புச் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி ஆங்கிலம். திருவண்ணாமலைப் பக்கம் ஒருவர் நிலத் தகராறில் தோற்று இங்கே மேல்முறையீட்டுக்கு வந்தால், அவர் கொண்டு வரும் மஞ்சள் பை முழுக்கத் தமிழ்க் காகிதம்தான்: தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினை, வில்லங்கச் சான்று, சிட்டா, சாட்சி வாக்குமூலம். இதில் எதை நீதிபதி பார்க்க வேண்டுமோ அதெல்லாம் ஆங்கிலமாகி, நீதிமன்றத்தில் கொடுக்கும் தட்டச்சு ஆவணத் தொகுப்பான டைப்டு செட்டில் ஏற வேண்டும். வழக்கு டெல்லி வரை போனால் கேட்கவே வேண்டாம்.

இதைச் செய்ய ஆள் தேடினால் கிடைப்பதில்லை. ஆங்கிலம் சரளமாகப் பேசும் பிள்ளைகளுக்குப் பத்திரத் தமிழ் படிக்க வராது. அறுபதுகளில் எழுதிய கிரயப் பத்திரத்தில் ஒரே வாக்கியம் பக்கம் முழுக்க ஓடும், முற்றுப்புள்ளியே இருக்காது. எழுதிக் கொடுத்தவர் யார், எழுதி வாங்கியவர் யார், நடுவில் காலமானவர் யாருடைய அப்பா என்று பிரித்தெடுக்கவே பொறுமை வேண்டும். நான்கெல்லை எழுதும்போது கிழக்கும் மேற்கும் மாறினாலோ, சர்வே நம்பரில் உட்பிரிவு விட்டுப்போனாலோ எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார். நன்றாகச் செய்கிறவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க நாங்கள் தயார். பாரிமுனையைச் சுற்றி எங்கள் மாதிரி எத்தனையோ ஆபீஸ்கள்.

கோபி கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மெஷின் மொழிபெயர்ப்பு இங்கேயும் வந்துவிட்டது, உச்ச நீதிமன்றமே 2019-இல் தீர்ப்புகளை மாநில மொழிகளுக்கு மாற்ற சுவாஸ் என்ற மென்பொருளைக் கொண்டு வந்தது. எங்கள் ஜூனியர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பழைய கையெழுத்துப் பத்திரத்தைக் கொடுத்தால் அது விழிக்கும். அது தருவதை மூலத்தோடு ஒப்பிட்டு "சரியான மொழிபெயர்ப்பு" என்று கையெழுத்துப் போட ஒரு மனிதர் வேண்டும்.

இன்னொன்று. எந்தப் பட்டம் என்றாலும் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம், அரசு சட்டக் கல்லூரியில் கட்டணமும் குறைவு. நான் படித்த காலத்தில் கல்லூரி ஹைகோர்ட் பக்கத்திலேயே இருந்தது. 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது, அதுதான் தூரம்.

---

வியாசை மல்லி:

சார், உண்மையிலேயே இது எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பட்டா மனு எழுதிக் கொடுப்பது நான்தான், பத்திரமும் படித்துச் சொல்வேன். அதற்குச் சம்பளம் உண்டு என்று இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஆனால் இது நிரந்தர வேலை இல்லையே, மாதம் இவ்வளவு வரும் என்று வீட்டில் எப்படிச் சொல்வது?

---

தம்பு செட்டித் தெரு:

நியாயமான கேள்விம்மா. தொடக்கத்தில் இதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு மாதம் கட்டுக்கட்டாக வரும், கோர்ட் கோடை விடுமுறையில் ஈ ஓட்ட வேண்டும். வேறு ஒரு வேலையில் இருந்துகொண்டு சனி ஞாயிறில் செய். உயர் நீதிமன்றத்திலேயே மொழிபெயர்ப்பாளர் பணிக்கு அறிவிப்பு வருவதுண்டு, அந்தச் சமயத்தில் இந்த அனுபவம் கைகொடுக்கும்.

---

ஓஎம்ஆர் வாசி:

டெக்னிக்கல் ரைட்டிங்கை யாரும் சொல்லவில்லையே? நான் பி.ஏ. ஆங்கிலம்தான், இப்போது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டாக்குமென்டேஷன் டீமில் இருக்கிறேன். ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரி இங்கேயே வளர்ந்த தயாரிப்பு நிறுவனங்களில் இந்த வேலை உண்டு. புதிதாக ஒரு வசதி வந்தால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று வாடிக்கையாளருக்கு எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் நாமே அதை ஓட்டிப் பார்க்க வேண்டும், பாதி நாள் டெவலப்பர் பின்னால் "இந்தப் பட்டனை அழுத்தினால் ஏன் எதுவும் நடக்கவில்லை" என்று அலைவதில் போகும். இந்த வேலைக்கான கருவிகள் மார்க்டவுன், கிட், மேட்கேப் ஃப்ளேர்; இவற்றில் முதல் இரண்டை இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம்.

சான்றிதழ் கோர்ஸுக்குப் பணம் கட்டாதே. ஆன்லைனில் கரண்ட் பில் கட்டுவது எப்படி என்று ஆங்கிலத்தில், படிப்படியாக, ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுது. பணம் போய் ரசீது வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர். இந்த மாதிரி நான்கைந்து செய்து ஒரு பக்கத்தில் போட்டு, விண்ணப்பத்தோடு லிங்க் அனுப்பு. போன முறை நாங்கள் ஆள் எடுத்தபோது பட்டத்தை யாரும் பார்க்கவில்லை, இதைத்தான் பார்த்தார்கள். சம்பளம் மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். ஆனால் காலியிடங்கள் குறைவு, ஃப்ரெஷர் என்றால் இன்னும் குறைவு. காத்திருக்க வேண்டிவரும்.

---

சுருக்கெழுத்து சுந்தரம்:

டிஎன்பிஎஸ்சியைத் துணிக்கடையோடு சேர்த்துச் சொல்லிவிட்டாய் தங்கச்சி, பரவாயில்லை.

உனக்குப் பொருந்துகிற ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஆனால் பணிக்கு என்ன தகுதி கேட்கிறார்களோ அதுவரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 2-க்குப் பட்டம் தகுதி, உன் பட்டம் ஆங்கிலம், அதனால் அங்கே கிடையாது. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி, அங்கே உனக்கு உண்டு. கான்வென்டில் படித்த உன் வகுப்புத் தோழிக்கு இல்லை. பள்ளியில் போய்ச் சான்றிதழ் வாங்கி வை. குரூப் 4-இல் மொழிப் பகுதியும் இப்போது தமிழ்தான், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

அப்புறம் டைப்ரைட்டிங். சிரிக்காதே. தமிழ், ஆங்கிலம் இரண்டும் பாஸ் செய்தால் டைப்பிஸ்ட் பணியிடங்களுக்கும் போட்டியிடலாம், அதற்குப் போட்டி குறைவு. அதோடு ஆங்கிலச் சுருக்கெழுத்தும் தெரிந்தால் கோர்ட், தலைமைச் செயலகம் என்று கதவுகள் திறக்கும். சட்டமன்றச் செயலகத்தில் ஆங்கில ரிப்போர்ட்டர் என்று ஒரு பதவியே இருக்கிறது, அதற்கு ஆள் எடுப்பதும் டிஎன்பிஎஸ்சிதான். சீனியர் கிரேடு சுருக்கெழுத்து என்றால் நிமிடத்துக்கு 120 சொல், அதற்கும் மேலே ஹை ஸ்பீடு. இலக்கணம் தெரியாதவர்கள் கோடு போட்டுவிட்டுப் பிறகு அதை வாக்கியமாக விரிக்க முடியாமல் திணறுவார்கள், ஆங்கிலம் படித்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. இன்ஸ்டிட்யூட்களில் இப்போது பழைய கூட்டம் இல்லை, அதுவும் உனக்கு நல்லதுதான்.

---

ஓய்வு பெற்ற வாத்தியார்:

அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன். எம்.ஏ. பற்றி யாரும் பேசாததால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கல்லூரி ஆசிரியர் ஆக எம்.ஏ.வில் 55 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு, கூடவே நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதித் தேர்வு, அல்லது முனைவர் பட்டம். நெட்டில் ஜேஆர்எஃப் கிடைத்தால் ஆய்வு செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023-இலிருந்து அந்த அளவு. வறுமையான வீட்டுப் பிள்ளைகள் ஆய்வுக்கு வர அது ஒன்றுதான் வழி என்று சொல்வேன். கேட் (GATE) தேர்வு பொறியியலுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். 2021 முதல் அதில் மானுடப் புலங்களுக்கான தாள் இருக்கிறது, ஆங்கிலமும் ஒரு விருப்பப் பாடம். ஐஐடி மெட்ராஸ் எம்.ஏ.வுக்கு அந்த வழியாகப் போகலாம்.

ஆனால் வீட்டுச் சூழ்நிலையைச் சொல்லிவிட்டாய். எம்.ஏ. முடித்து, நெட்டும் பாஸ் செய்து, நிரந்தரமில்லாத கௌரவ விரிவுரையாளராகவே நரை கண்டவர்கள் என் துறையில் இருந்தார்கள். ஆசை இருந்தால் வேலையில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. செய். பட்டத்தின் பெயரை மட்டும் கவனி. ஃபங்ஷனல் இங்கிலீஷ், கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் என்று இருந்தால் பிறகு அரசுப் பணிக்கு, அது எம்.ஏ. ஆங்கிலத்துக்குச் சமம் என்று சொல்லும் சமநிலை ஆணை தேடி அலைய நேரும்.

---

அடையாறு அனு:

ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுகளுக்கான பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து போகும் நர்ஸுகள் இரண்டில் ஒன்று எழுதியாக வேண்டும், பயிற்சி மையங்களுக்கு எப்போதும் ஆள் வேண்டும். பேச்சு சரளமான பிறகு வாருங்கள் மல்லி, இப்போதே வேண்டாம்.

---

மட்டுறுத்துநர்:

இழையைப் பார்த்துவிட்டு "ப்ரூஃப் ரீடிங் ப்ராஜெக்ட், வீட்டிலிருந்தே, பதிவுக் கட்டணம் மட்டும்" என்று மூன்று பேர் விளம்பரம் போட்டார்கள், நீக்கிவிட்டேன். டெபாசிட் கேட்கிற எந்த வேலையும் வேலை இல்லை. தனிச்செய்தியில் வந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.

---

வியாசை மல்லி:

சிவப்பு பேனா அக்கா தனிச்செய்தியில் ஒரு பழைய டெஸ்ட் பத்தி அனுப்பியிருந்தார். திருத்தி அனுப்பினேன். இரண்டு இடத்தில் எழுவாய் பன்மை, வினை ஒருமை. ஓர் ஆர்ட்டிகிள் விடுபட்டிருந்தது. ஓரிடத்தில் சிறுநீரகம் நடந்து போய்ப் பரிசோதனை செய்துகொண்ட மாதிரி வாக்கியம் இருந்தது, அதை மாற்றினேன். கடைசி மேற்கோளில் ஆண்டு இல்லை, அதற்கு ஏக்யூ போட்டேன். அக்கா, எப்படி?

---

சிவப்பு பேனா:

சிறுநீரகத்தைப் பிடித்தாய், அதைப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். விட்டது ஒன்று: முதல் வரியில் மூன்றாண்டு ஆய்வு என்கிறார், கீழே மார்ச் 2015 முதல் மார்ச் 2017 வரை என்கிறார். அங்கே ஓர் ஏக்யூ வர வேண்டும். இலக்கணம் பார்க்கும் கண் எண்ணைத் தாண்டிப் போய்விடும், அதனால் எண்களுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்று படி. இறுதி செமஸ்டர் முடிவுக்குக் காத்திருக்காதே, ஏப்ரலிலேயே விண்ணப்பி. எங்கள் மாதிரி நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலைத் தனிச்செய்தியில் போடுகிறேன்.

---

கொரட்டூர் கோபி:

சரி, டெஸ்ட் பத்தியை எனக்கும் அனுப்புங்கள் அக்கா. என் நண்பனுக்காக.

---

வியாசை மல்லி:

வீட்டில் பேசினேன். எடிட்டிங் வேலைக்குத்தான் முதலில் முயற்சி, கிடைக்கும் வரை நந்தா அண்ணா சொன்ன இமெயில் ப்ராசஸ். பெரம்பூரில் டைப்பிங் கிளாஸ் விசாரித்துவிட்டேன், ஆங்கிலம் லோயர் இந்த வாரமே சேர்கிறேன். அப்பாவுக்கு பி.எட். இல்லை என்பதில் இன்னும் மனத்தாங்கல்தான். வக்கீல் சார், ஒரு நாள் உங்கள் ஆபீஸுக்கு வந்து பத்திர வேலை எப்படி என்று பார்க்கலாமா?

---

தம்பு செட்டித் தெரு:

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல் வாம்மா. என் ஜூனியர் மேடம் இருப்பார், அப்பாவையும் அழைத்து வா. இரண்டு பக்கத்தில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எடுத்து வைக்கிறேன், மொழிபெயர்த்துப் பார். சரியாக வந்தால் அதற்கான கூலியை அன்றைக்கே வாங்கிக்கொண்டு போகலாம்.